பழைய கணப்பு வாங்குமுன்

தீபாவளி கழிந்து சில வாரங்கள் ஆனதும் டில்லியில் வாடகை அறைகளில் வாழும் நம் மாணவரிடையே ஒரே பேச்சுத்தான். "ஹீட்டர் எங்கே கிடைக்கும்? பழையது போதுமா? என்ன விலை சொல்லுகிறார்கள்?" படிப்பு முடிந்து ஊர் திரும்பும் அண்ணன்மார் விட்டுச் சென்றவை, வாரச் சந்தையில் தரையில் பரப்பியவை, கபாடிக்காரர் துடைத்து அடுக்கியவை எனப் பலவகைக் கணப்புகள் கைமாறும் காலம் இது.

இந்த ஒரு பொருளை வாங்குவதில் மட்டும் நமக்கு வீட்டுப் பழக்கம் துணை நிற்பதில்லை. அரிசி வாங்கினால் பழையதா புதியதா என்று முகர்ந்தே சொல்லுவோம். மண்பானையைத் தட்டிப் பார்த்து விரிசலைக் கண்டுபிடிக்க நம் பாட்டிமார் கற்றுத் தந்திருக்கிறார்கள். அறைக்குச் சூடேற்றும் கருவியைத் தட்டிப் பார்க்க யாரும் கற்றுத் தரவில்லை; கற்றுத் தரவேண்டிய தேவையும் ஊரில் இருந்ததில்லை. சென்னையில் ஜனவரி மாத இரவிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். டில்லியில் அதே மாதத்து இரவுகளில் 7 டிகிரி என்பது சாதாரணம். 2021-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி விடியலில் 1.1 டிகிரி வரை இறங்கியது. வடநாட்டுக் குழந்தை தாய்மடியிலேயே கற்கும் எச்சரிக்கைகளை நாம் இருபது வயதுக்கு மேல் வந்து கற்கவேண்டியிருக்கிறது. அறியாமல் செய்யும் பிழைக்கு இங்கே விலை பணம் மட்டுமன்று. ஒவ்வோர் ஆண்டும் குளிர்காலத்தில், மூடிய அறையில் கரி மூட்டி உறங்கியவர் மறுநாள் எழவில்லை என்ற செய்தி நாளிதழ்களில் வரத் தவறுவதில்லை. ஆகவே இப்பொருளைச் சற்று முறையாகவே ஆராய்வோம்.

எவ்வளவு வெப்பம் வேண்டும்?

கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது நம் அறையின் தேவை. பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். அதில் அடங்கும் காற்று சுமார் 28 கன மீட்டர். எடை ஏறக்குறைய 35 கிலோகிராம். காற்று எடையற்றது என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஒரு கிலோகிராம் காற்றை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ ஒரு கிலோஜூல் வெப்பம் போதும். ஆகவே அறைக் காற்று முழுவதையும் 10 டிகிரி உயர்த்த வேண்டியது 350 கிலோஜூல். 1000 வாட் கணப்பு விநாடிக்கு ஒரு கிலோஜூல் தருகிறது. கணக்குப்படி ஆறு நிமிடத்தில் அறை சூடாகிவிட வேண்டும்!

அனுபவம் அப்படிச் சொல்லுவதில்லையே, ஏன்? வெப்பம் காற்றோடு நிற்காமல் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பூச்சுடன் கூடிய ஒன்பதங்குலச் செங்கற்சுவர், உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேற்றுமை இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 2 வாட் வெப்பத்தைக் கடத்திவிடும். கான்கிரீட் மொட்டைமாடிக் கூரை அதைவிட அதிகமாக, ஏறத்தாழ 3 வாட் கடத்தும். நம் அறையில் வெளிப்புறத்தை நோக்கிய சுவர் இரண்டு என்று கொண்டால், 10 டிகிரி வேற்றுமையில் சுவர் வழியே ஏறக்குறைய 360 வாட். கூரை வழியே 280 வாட். கதவு சன்னல் இடுக்குகளில் மணிக்கு ஒருமுறை காற்று முழுதும் மாறுவதால் 100 வாட். ஆக மொத்தம் 740 வாட்.

இந்த எளிய கணக்கிலிருந்து மூன்று உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒருவர் தங்கும் சிறிய அறைக்கு 1000 வாட் போதும். "அண்ணா, 2000 வாட்தான் நல்லது" என்று விற்பவர் சொல்லுவதை நம்பிக் கூடுதல் விலை தரவேண்டியதில்லை. இரண்டாவது, குளிர்ந்து கிடக்கும் செங்கல் முதலில் தன் பங்கை விழுங்கும். அது சூடேறச் சில மணி நேரம் ஆகும். அதுவரை காற்றுச் சூடானாலும் சுவரருகே உடம்பு குளிரும். மூன்றாவது, சன்னல் இடுக்கில் பழைய துணியைத் திணிப்பதும், கனத்த திரை தொங்கவிடுவதும், கட்டிலை வெளிச்சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடுவதும் செலவில்லாத கணப்புகள். ஆனால் இடுக்கை அடைக்கும் யோசனை மின்சாரக் கணப்புக்கு மட்டுமே உரியது. அறைக்குள் எதையேனும் எரிப்பவர் இடுக்கை அடைக்கவே கூடாது. காரணத்தை இனிக் காண்போம்.

புகைபோக்கி இல்லாத நெருப்பு

சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பது அங்கீட்டி எனப்படும் கரியடுப்பு. பழைய வாளியில் துளையிட்டுச் செய்தது கூட உண்டு. புகை அடங்கிக் கரி செக்கச்செவேலென்று கனியும்வரை வெளியே வைத்திருந்து, பிறகு உள்ளே கொண்டுவந்தால் அபாயமில்லை என்பது பரவலான நம்பிக்கை. இதைவிடத் தவறான நம்பிக்கை வேறில்லை.

கரி எரியும்போது கரியமில வாயு உண்டாகிறது. அந்த வாயு கனலும் கரியின் ஊடே மேலெழும்போது இன்னும் ஒரு பங்கு கரியுடன் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. புகையில்லாத செங்கனல்தான் இவ்வாயுவின் பிறப்பிடம். இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையோ தொண்டையையோ கரிப்பதில்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புடன் இதைப் பற்றிக்கொள்கிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். உடலுக்குப் பிராணவாயு மட்டும் சேராது. தலைவலியும் மயக்கமும் தூக்கம் போலவே வருவதால், உறங்குபவர் விழிப்பதற்கே வாய்ப்பில்லாமல் போகிறது.

அளவையும் பார்ப்போம். ஒரு கைப்பிடிக் கரியில் உள்ள 100 கிராம் கார்பன் எரிகிறது. அதில் பத்தில் ஒரு பங்குதான் மோனாக்சைடாக மாறியது என்று கொள்வோம். 10 கிராம் கார்பனிலிருந்து 23 கிராம் மோனாக்சைடு கிடைக்கும். காற்றோட்டமில்லாத நம் 28 கன மீட்டர் அறையில் இது பரவினால் பத்து லட்சத்தில் 700 பங்கு ஆகிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு மணி நேரத்துக்கு ஏற்கத்தக்கதாகக் கூறும் வரம்பு கன மீட்டருக்கு 35 மில்லிகிராம், அதாவது பத்து லட்சத்தில் 30 பங்கு. 800 பங்கு இருக்கும் காற்றில் முக்கால் மணி நேரத்தில் தலைசுற்றலும், இரண்டு மணி நேரத்துக்குள் நினைவிழப்பும் நேரும் என்பது தொழிற்சாலைப் பாதுகாப்பு நூல்களில் காணப்படும் பாடம். அங்கீட்டியில் இடுவது ஒரு கைப்பிடிக் கரியன்று, ஒரு கிலோவுக்குக் குறையாது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் நச்சுக் காற்றை இழுத்துக்கொள்ளும் என்பார்கள். இவ்வாயு நீரில் மிகச் சிறிதளவே கரையும். வாளித் தண்ணீர் காற்றின் வறட்சியைத்தான் சற்றுக் குறைக்கும். தரையில் படுத்தால் தப்பலாம் என்பாரும் உண்டு. இவ்வாயுவின் அடர்த்தி காற்றின் அடர்த்தியை ஒட்டியதே. அது அறை முழுதும் ஒன்றாய்க் கலந்துவிடும். தரையும் கட்டிலும் அதற்கு ஒன்றுதான். புகைபோக்கியில்லாத மண்ணெண்ணெய்க் கணப்புக்கும் எரிவாயுக் கணப்புக்கும் இதே விதி பொருந்தும். பழையதாய் இருந்தால் அவற்றின் எரிமுனை அடைபட்டு மோனாக்சைடு பெருகும். காற்றோட்டமில்லாத குளியலறையில் மாட்டிய எரிவாயு கீசரும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆகவே விலை என்னவென்று கேட்கவே வேண்டாம். இலவசமாய்க் கொடுத்தாலும் படுக்கையறைக்கு இவை வேண்டா.

புகைபோக்கி உள்ள நெருப்பு

நம்மில் சிலர் மேற்படிப்புக்காகவோ களப்பணிக்காகவோ சிம்லா, கார்வால், காஷ்மீர்ப் பக்கம் செல்லுகிறார்கள். அங்கே வீட்டின் நடுவில் இரும்புத் தகட்டால் ஆன புக்காரி நிற்கும். விறகோ மரத்தூளோ நிலக்கரியோ உள்ளே எரிய, ஒரு குழாய் புகையைக் கூரைக்கு மேல் கொண்டு சென்று விடுகிறது. அங்கீட்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தக் குழாய்தான். பழைய புக்காரி வாங்குபவர் அடுப்பை விட்டுவிட்டுக் குழாயைப் பார்க்கவேண்டும்.

இருட்டில் அடுப்பினுள் ஒரு கைவிளக்கை ஏற்றி வைத்துக் கதவை மூடுங்கள். எங்கெல்லாம் ஒளி கசிகிறதோ அங்கெல்லாம் நாளை புகை கசியும். தகட்டை விரலால் அழுத்தும்போது துருச் செதிள் உதிர்ந்து தகடு நெளிந்தால் அதன் ஆயுள் முடிந்தது. குழாயின் துண்டுகள் ஒன்றில் ஒன்று இறுகப் பொருந்தவேண்டும். அடுப்பின் வாய் எவ்வளவு அகலமோ அதே அகலம் கூரைவரை இருக்கவேண்டும். உள்ளே தார் போன்ற கரும்பூச்சு படிந்திருந்தால், சுரண்டி எடுக்காமல் மூட்டக்கூடாது. அது பற்றிக்கொண்டால் குழாயே எரியும். மூட்டியபின் ஓர் ஊதுவத்தியை இணைப்புகளின் அருகே பிடியுங்கள். புகை அடுப்பை நோக்கி இழுக்கப்பட்டால் நல்லது. நம்மை நோக்கித் தள்ளப்பட்டால் குழாய் இழுக்கவில்லை என்பது பொருள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் குளிர்மிகுந்த பகுதிகளுக்குச் செல்ல இருப்போர் இதன் நாகரிகமான தம்பியைக் காண்பார்கள். மரத்தூளை இறுக்கிச் செய்த, பென்சில் பருமனுள்ள சிறு வில்லைகளை எரிக்கும் அடுப்பு அது. பெல்லட் அடுப்பு என்பர். 1980-களில் அங்கே வீடுகளுக்குள் புகுந்தது. ஒரு திருகுத்தண்டு மின்மோட்டாரால் சுழன்று, எரிகிண்ணத்தில் வில்லைகளைச் சிறிது சிறிதாகக் கொட்டுகிறது. ஒரு விசிறி காற்றூட்டிப் புகையை வெளியே தள்ளுகிறது. ஒரு கிலோ வில்லையில் சுமார் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அடங்கியிருக்கிறது. சோளம் மிகுதியாய் விளையும் மாநிலங்களில் மக்காச்சோள மணியையே எரிக்கும் அடுப்பும் உண்டு. சோற்றைச் சிந்தினாலே அதட்டப்பட்டு வளர்ந்த நமக்குத் தானியத்தை எரிப்பது மனத்துக்கு ஒவ்வாது. எனினும் அவர்கள் கணக்கு, விலை வீழ்ந்த ஆண்டில் வீட்டு வாசலில் விளைந்ததே மலிந்த விறகு என்பது. மக்காச்சோளச் சாம்பல் உருகிக் கட்டியாய் இறுகும். அதைக் கிளறிவிடும் கருவியில்லாத பெல்லட் அடுப்பில் சோளத்தை இட்டால் எரிகிண்ணம் அடைபட்டு நெருப்பு அணைந்துவிடும். "இரண்டும் எரியும்" என்று விற்பவர் சொன்னால் கிளறி எங்கே என்று கேட்கவேண்டும்.

பழைய பெல்லட் அடுப்பை எரியும் நிலையில் பார்த்தே வாங்கவேண்டும். எரிகிண்ணத்தின் துளைகள் தேய்ந்து பெருத்திருக்கக்கூடாது. திருகுத்தண்டு நின்று நின்று சுழலாமல் சீராய்ச் சுழலவேண்டும். விசிறி கரகரவென்று ஒலிக்கக்கூடாது. கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்தால் அது எளிதில் வரக்கூடாது; வந்தால் கதவின் கயிற்றுப்பட்டை நைந்துவிட்டது. உதிரிப் பகுதிகள் இன்னும் விற்பனையில் உள்ளனவா என்று விசாரிக்கவேண்டும். மின்சாரம் போனால் இவ்வடுப்பும் நின்றுவிடும் என்பதையும் மறக்கலாகாது.

மின்சாரக் கணப்பின் வகைகள்

சமவெளியில் வாடகை அறையில் வாழும் நமக்கு ஏற்றது மின்சாரக் கணப்பே. இதில் முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவித்துக்கொள்ள வேண்டும். "குறைந்த மின்சாரம், அதிகச் சூடு" என்னும் விளம்பரச் சொல்லுக்குப் பொருளில்லை. கம்பிச்சுருளாயினும் எண்ணெய்ப் பெட்டியாயினும், உள்ளே சென்ற ஒரு யூனிட் மின்சாரம் 3600 கிலோஜூல் வெப்பமாகவே வெளிவரும். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இறைத்துத் தரும் இருவகைக் குளிர்பதனப் பெட்டி மட்டுமே விதிவிலக்கு; அது மாணவர் அறையில் காண்பதற்கரியது. ஆகவே வகைகளுக்கிடையே வேற்றுமை வெப்பத்தின் அளவிலன்று. அது வந்து சேரும் வழியிலும், அதனால் நேரும் அபாயத்திலும்தான்.

கம்பிச்சுருள் கணப்பு: பீங்கான் தண்டில் நிக்ரோம் கம்பி சுற்றி, பின்னால் பளபளப்பான தகடு வைத்தது. சுவர் சூடேறக் காத்திராமல் நேரே நம் உடம்பைச் சூடாக்கும். மேசையில் அமர்ந்து படிப்பவருக்கு உகந்தது. பழையதில் தண்டு விரிசல் கண்டிருக்கிறதா, சுருள் தொங்கி ஒன்றோடொன்று தொடுகிறதா, முன்கம்பி வலை முழுதாய் இருக்கிறதா என்று பாருங்கள். தகடு மங்கியிருந்தால் வெப்பம் பின்பக்கம் வீணாகும். வலை உடைந்ததை வாங்கவே வேண்டாம்.

ஹாலோஜன் கணப்பு: கண்ணாடிக் குழாய்க்குள் ஒளிரும் இழை. இலேசானது, ஆகவே எளிதில் கவிழும். சாய்த்தால் தானே அணையும் சுவிட்சு அடியில் இருக்கவேண்டும். எரியும்போது கைப்பிடியைப் பிடித்துச் சற்றே தூக்குங்கள்; உடனே அணையாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஊதுகாற்றுக் கணப்பு: விசிறி சூடான கம்பியின் மேல் காற்றை ஊதுகிறது. அறைக் காற்று விரைவில் சூடாகும், சத்தம் உண்டு. விசிறி நின்று கம்பி மட்டும் எரிந்தால் பிளாஸ்டிக் உருகும். ஆகையால் விசிறியைக் கையால் சுற்றிப் பார்த்தால் தங்குதடையின்றிச் சுழலவேண்டும். காற்று வெளிவரும் வாயில் பழுப்பேறிய உருகல் அடையாளம் இருக்கக்கூடாது.

எண்ணெய்க் கணப்பு: இரும்புப் பத்திகளுக்குள் எண்ணெய் நிறைந்தது. எண்ணெய் எரிவதில்லை, சூட்டைத் தாங்கிப் பரப்புவது மட்டுமே அதன் வேலை. சிவந்து ஒளிரும் பகுதி வெளியே இல்லாததால் நான்கினுள் பாதுகாப்பானது இதுவே. மெதுவாய்ச் சூடேறி மெதுவாய் ஆறும். பழையதில் பார்க்கவேண்டியது ஒன்று: அடித் தையல்களில் எண்ணெய்ப் பிசுக்கு. காகிதத்தால் துடைத்துப் பார்த்துப் பிசுக்கு ஒட்டினால் வேண்டாம். எண்ணெய் குறைந்தால் உள்ளிருக்கும் சூடாக்கி வெறுமையில் காய்ந்து கெடும். ஆட்டோவில் படுக்கவைத்துக் கொண்டுவந்தால், ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே சுவிட்சைப் போடவேண்டும்.

வாங்குமிடத்திலேயே செய்யும் சோதனை

"நேற்றுவரை நான்தான் உபயோகித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று விற்பவர் சொல்லுவார். அவர் பொய் சொல்லவேண்டுமென்பதில்லை; கருவியின் நோய் அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஒரு மல்டிமீட்டர் பத்து நிமிடத்தில் உண்மையைச் சொல்லிவிடும். எந்தச் சோதனைக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடவேண்டும்.

முதற் சோதனை, கம்பியின் தடை. சுவிட்சைப் போட்டு, வெப்ப ஒழுங்கியை உச்சத்தில் திருப்பி, பிளக்கின் இரு சிறிய முனைகளுக்கிடையே ஓம் அளவைப் பாருங்கள். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் தடை கிடைக்கும். 230 வோல்ட்டில் 1000 வாட்டுக்கு 53 ஓம். 2000 வாட்டுக்கு 26 ஓம். 500 வாட்டுக்கு 106 ஓம். பத்தில் ஒரு பங்கு முன்பின் இருக்கலாம். நிக்ரோமின் தடை சூட்டினால் அதிகம் மாறுவதில்லை. ஆதலால் குளிர்ந்த நிலையிலேயே கணக்குப் பொருந்தும். தடை மிகக் குறைந்திருந்தால், யாரோ அறுந்த சுருளை வெட்டி முறுக்கிக் குட்டையாக்கியிருக்கிறார்கள் என்று அறியலாம். ஹாலோஜன் இழை டங்ஸ்டனால் ஆனது. குளிர்ந்திருக்கும்போது அதன் தடை பன்மடங்கு குறைவு. பீங்கான் வில்லை பொருத்திய ஊதுகாற்று வகைகளும் வேறுவிதம். இவ்விரண்டுக்கும் இக்கணக்கு செல்லாது.

இரண்டாவது, பூமித்தொடர்பு. பிளக்கின் பருத்த மூன்றாம் முனைக்கும் பூச்சற்ற இரும்பு உடலுக்கும் இடையே தடை ஏறக்குறைய சுழியாக இருக்கவேண்டும். பழைய கணப்புகளில் மிகுதியும் காணப்படும் குறை, பச்சைக் கம்பியை வெட்டிவிட்டு இரண்டு முனைப் பிளக்கை மாட்டியிருப்பதே. அது உயிருக்கு உலை.

மூன்றாவது, கசிவு. சிறிய முனை ஒவ்வொன்றுக்கும் உடலுக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக்கூடாது. மழைக்காலம் முழுதும் பரணில் கிடந்த கணப்பில், சூடாக்கிக் குழலினுள் இருக்கும் வெண்பொடி ஈரத்தை உறிஞ்சிக் கசிவைத் தருவதுண்டு. ஐயம் இருந்தால் 500 வோல்ட் மெக்கர் வைத்திருக்கும் மின்பணியாளரிடமோ நம் துறை ஆய்வுக்கூடத்திலோ சோதித்துக் கொள்ளலாம். ஒரு மெகோமுக்குக் குறைந்தால் தள்ளிவிடுங்கள்.

இம்மூன்றும் தேறியபின் நான்காவது, அரைமணி ஓட்டம். முழுச் சூட்டில் அரைமணி நேரம் எரியவிடுங்கள். தொடக்கத்தில் தூசி கருகும் மணம் வரும், அடங்கிவிடும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ கருகும் மணம் வந்தால் உடனே நிறுத்துங்கள். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி அதன் முனைகளைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், விரல் தாங்காத சூடு இருந்தால் இணைப்புத் தளர்ந்திருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதனோடு சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவ்வெண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செல்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

சுவரிலுள்ள துளை

கணப்பு நல்லதாயிருந்தும் சுவர் கெட்டதாயிருந்தால் பயனில்லை. நம் அறைகளில் இருவகைத் துளைகள் உண்டு: சிறியது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். 1000 வாட் கணப்பு 4.3 ஆம்பியர் இழுக்கும்; 2000 வாட் கணப்பு 8.7 ஆம்பியர் இழுக்கும். பெரிய பிளக்கைச் சிறிய துளையில் செருகக் கன்வர்ட்டர் என்று ஒன்று கடைகளில் விற்கிறார்கள். அதைக் கணப்புக்கு உபயோகிப்பது, ஒற்றை மாட்டு வண்டியில் இரட்டைப் பாரம் ஏற்றுவதாகும்.

கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் இருமடங்கானால் சூடு நான்கு மடங்கு. தளர்ந்த ஒரு தொடர்பில் அரை ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். 1000 வாட் கணப்பால் அவ்விடத்தில் 9 வாட் சூடு உண்டாகும். 2000 வாட் கணப்பால் 38 வாட். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் சிறிய சூட்டுக்கோல் 25 வாட்தான் என்றால், பிளக்கின் உள்ளே என்ன நடக்கும் என்பதை ஊகித்துக் கொள்ளுங்கள். கணப்புத் தீவிபத்துகள் பலவற்றுக்கு விதை இங்கேதான். ஆதலின் மெல்லிய நீட்டிப்புக் கம்பி வேண்டாம். மடிக்கணினியும் கெட்டிலும் கணப்பும் ஒரே பலகையில் வேண்டாம். கணப்பிலிருந்து ரஜாயும் திரையும் புத்தகமும் மூன்றடி தள்ளியே இருக்கவேண்டும். ஈரத்துணியை அதன்மேல் உலர்த்தக்கூடாது. உறங்குமுன் கம்பிச்சுருளையும் ஹாலோஜனையும் அணைத்துவிடவேண்டும். விடுதியில் கணப்புக்குத் தடையிருந்தால் அதை மீறி ஒளித்து வைக்காதீர்கள். அக்கட்டடத்தின் கம்பிகள் நூறு அறைக்கும் கணப்பு மூட்டும் எண்ணத்தோடு போடப்பட்டவை அல்ல.

விலை

வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவே பெரிது. 1000 வாட் கணப்பு நாளுக்கு நான்கு மணி நேரம் எரிந்தால் 4 யூனிட். மாதத்துக்கு 120 யூனிட். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் கணக்கிட்டால் 960 ரூபாய். இரண்டு மாதக் குளிருக்கு இருமடங்கு. எனவே பழையது என்பதற்காக ஐம்பது நூறு குறைவதில் மயங்கி, நம்பகமில்லாத பொருளை எடுப்பது இலாபமாகாது. பழைய கணப்பின் விலையோடு, புதிய மூன்றுகம்பி வடமும் 16 ஆம்பியர்ப் பிளக்கும் மாற்றும் செலவைக் கூட்டுங்கள். அந்தத் தொகை புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால், புதியதே வாங்குவது அறிவுடைமை. சாந்தினி சவுக்கை அடுத்த பாகீரத் பேலஸ் மின்பொருள் சந்தையில் வடமும் பிளக்கும் தரமாகவே கிடைக்கும். வாங்கும் காலமும் முக்கியம். மே மாதத்தில் ஊர் திரும்புவோர் கணப்பைத் தூக்கிச் செல்ல விரும்புவதில்லை. டிசம்பரில் கேட்கும் விலையை அப்போது யாரும் கேட்பதில்லை.

விற்போருக்கும் சங்கத்துக்கும் ஒரு சொல்

இவ்வளவும் வாங்குவோருக்குச் சொன்னது. விற்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அறுந்த சுருளை முறுக்கி ஒட்டியது, பூமிக்கம்பி வெட்டியது, எண்ணெய் கசிவது ஆகியவற்றை ஊரிலிருந்து புதிதாய் வந்த தம்பி தங்கையருக்குத் தள்ளிவிடாதீர்கள். அவர்கள் உங்களை நம்பி, சோதிக்காமலே வாங்குவார்கள். பழுதானதைப் பழுதென்று சொல்லிக் கபாடிக்கு இரும்பு விலைக்குக் கொடுத்துவிடுவதே முறை.

நம் சங்கம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஒரு மல்டிமீட்டர் வாங்கிச் சங்க அலமாரியில் வைத்து, நவம்பர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கினால், அறிவியல் துறையினர் இருவர் அமர்ந்து எல்லோருடைய கணப்புகளையும் ஒரே நாளில் சோதித்துத் தேறியது, தேறாதது என்று சீட்டு ஒட்டிவிடலாம். புதிதாய் வந்தவருக்கு அந்தச் சீட்டு விற்பவர் வாய்ச்சொல்லைவிட நல்ல சான்றாகும். இந்த ஆண்டே தொடங்குவோமானால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் ஆளாய் வந்து அமர இக்கட்டுரையாளன் இசைகிறான்.